மூடிமறைந்த இணைப்பு: செய்தொழிலும் நம்பும் உரிமையும் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

மனிதர் செய்யும் வேலைகளை ஒரு நோக்கில் இரு வகையாகப் பிரிக்கலாம். செய்து முடித்த பின்னரும் கண்ணுக்குத் தெரிவன ஒரு வகை. முடிந்த கணத்திலேயே மறைந்து போவன மற்றொரு வகை. தச்சன் செய்த மேசையின் கால் ஆடுமாயின் அதனை வாங்கியவன் அன்றைக்கே அறிந்துகொள்வான். ஆனால், அத்திவாரத்தினுள் இட்ட கம்பி, சுவரினுள் ஓடும் மின்னிணைப்பு, சத்திரவைத்தியர் தையலிட்டு மூடிய வயிற்றினுள் கட்டிய முடிச்சு என்பன அத்தகையன அல்ல. அவற்றின் தரத்தை அவற்றால் உயிர்வாழ்பவரே அறியார். செய்தவர் ஒருவரே அறிவார். சில வேளைகளில் அவரும் அறியார்.

இவ்விரண்டாம் வகை வேலைகளைப் பொறுத்தவரையில் எழும் வினா ஒன்றுண்டு. ‘வேலை சரியாக முடிந்தது’ என்று கூறும் உரிமை ஒருவனுக்கு எப்பொழுது பிறக்கின்றது? கவனமாகச் செய்தேன் என்ற உணர்வு போதுமா? விதிமுறை கூறிய ஒவ்வொன்றையும் நிறைவேற்றினால் போதுமா? அன்றி, பின்னர் தீங்கெதுவும் நிகழாமையே அதற்குச் சான்றாகுமா? ஒழுக்கவியலாளர் தம் வினாக்களைக் கொலை, பொய், வாக்குறுதி போன்ற பெருஞ் செயல்களை உதாரணமாகக் கொண்டே பெரிதும் ஆராய்வர். இவ்வினாவை விளக்குவதற்கோ தொழிற்கூடமொன்றில் நிகழும் சிறு வேலையொன்றே ஏற்றதாக உள்ளது. சிறிய விமானமொன்றின் பொறியிலிருந்து கழற்றிய புகைக்குழாய்த் தொகுதியை மீண்டும் பொருத்துதலே அவ்வேலையாகும்.

வசதியோடு வந்த ஆபத்து

1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி, அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்துக் கிற்றி ஹோக் அருகே றைற் சகோதரர் பறந்த விமானத்தின் பொறியை அவர்களிடம் பணிபுரிந்த சார்ள்ஸ் ரெயிலர் என்னும் தொழிலாளர் உருவாக்கியிருந்தார். ஏறத்தாழப் 12 குதிரைவலுக் கொண்ட அந்நான்கு உருளைப் பொறிக்குப் புகைக்குழாய் இருக்கவில்லை. எரிந்த வாயு உருளைகளிலிருந்து நேரே வெளிக்காற்றிற் கலந்தது. விமானி கீழ்ச் சிறகின்மீது குப்புறக் கிடந்தார். அவரைச் சூழ அறையெதுவும் இல்லாமையால் நச்சுவாயு தேங்குவதற்கு இடமும் இருக்கவில்லை.

விமானியையும் பயணியையும் குளிரிலிருந்தும் காற்றிலிருந்தும் காப்பதற்கு மூடிய அறை வந்தபோதே புதியதோர் ஆபத்தும் உடன் வந்தது. 1956ஆம் ஆண்டு முதல் 40,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்ட செஸ்னா 172 என்னும் விமானத்தை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். 1968 தொடக்கம் இதில் லைக்கோமிங் நிறுவனத்தின் நான்கு உருளைப் பொறி பொருத்தப்பட்டு வருகின்றது. உருளைகளிலிருந்து வரும் நான்கு குழாய்கள் பொறியின் அடியிலுள்ள சைலன்சரிற் சென்று கூடுகின்றன. அச்சைலன்சரைச் சுற்றித் தகட்டுறை ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் குளிர்காற்று உறைக்கும் சைலன்சருக்கும் இடையே பாய்ந்து சூடேறி, விமானியின் அறையினுள் செல்கின்றது. எரிபொருள் எதனையும் புதிதாகச் செலவிடாது, வீணாகும் வெப்பத்தைக் கொண்டே அறையைச் சூடாக்கும் இவ்வேற்பாடு சிக்கனமானது, அறிவுக்கூர்மை உடையது. எனினும், பயணி சுவாசிக்கும் காற்றுக்கும் பொறி கக்கும் நஞ்சுக்கும் இடையே நிற்பது மெல்லிய உலோகத் தகடு ஒன்றே என்பது மனங்கொள்ளத்தக்கது. அத்தகடோ 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பநிலையிலுள்ள வாயுவைத் தாங்குவது; ஒவ்வொரு பறப்பிலும் விரிந்து சுருங்குவது; இடையறாது அதிர்வது.

அந்நஞ்சின் இயல்பும் ஈண்டு நோக்கற்பாலது. காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை; மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு சேரும் நாட்டம் அதற்கு ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேல் உண்டு. தலைவலியும் சோர்வும் தோன்றும். தீர்மானிக்கும் ஆற்றல் மங்கும். பின்னர் நினைவு தப்பும். ஆபத்தை உணர்த்தவேண்டிய அறிவே முதலிற் பறிபோவதால், பாதிக்கப்பட்டவர் தாம் பாதிக்கப்பட்டதையே அறியாது போகின்றார். குழாயின் கசிவும் கண்ணுக்குத் தெரியாது. அதன் விளைவும் உணர்வுக்குத் தெரியாது. இவ்விரட்டை மறைவே இவ்வேலையை ஒழுக்கவியற் பிரச்சினையாக்குகின்றது.

2019ஆம் ஆண்டு ஜனவரி 21ஆந் திகதி, ஆர்ஜென்ரீன உதைபந்தாட்ட வீரர் எமிலியானோ சாலாவைப் பிரான்சின் நான்ற் நகரிலிருந்து வேல்சின் காடிஃப் நகருக்கு ஏற்றிச் சென்ற பைப்பர் மலிபு என்னும் ஒற்றைப் பொறி விமானம் குவேண்சித் தீவுக்கு அருகே கடலில் வீழ்ந்தது. பிரித்தானிய விமான விபத்து விசாரணைப் பிரிவு 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சாலாவின் ஈமோகுளோபினில் 58 சதவீதம் காபனோரொட்சைட்டாற் பிணிக்கப்பட்டிருந்தது. புகைக்குழாய்த் தொகுதியிலிருந்து கசிந்த வாயு அறையினுட் புகுந்திருத்தல் வேண்டும் என்றும், விமானியும் அதனாற் பாதிக்கப்பட்டிருத்தல் கூடும் என்றும் அவ்வறிக்கை முடிவு செய்தது. தகுதியற்ற இரவுப் பறப்பு, மோசமான வானிலை முதலிய பிற காரணங்களும் அவ்விபத்திற் கலந்திருந்தன. விமானத்தின் சிதைவு கடலடியிலிருந்து மீட்கப்படவில்லை. எனவே, அவ்விமானத்தின் குழாய் இணைப்புகள் இன்றும் எவர் கண்ணுக்கும் எட்டாத இடத்திலேயே கிடக்கின்றன.

இது தனியொரு நிகழ்ச்சியன்று. 1982 முதல் 2020 வரையான காலத்தில் காபனோரொட்சைட்டு நஞ்சேறியதால் நிகழ்ந்த 31 விபத்துகளை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இனங்கண்டது. அவற்றுள் 23 விபத்துகளில் 42 பேர் உயிரிழந்தனர். அவ்வாயுவைக் காட்டிக்கொடுக்கும் கருவி அவ்விமானங்களுள் ஒன்றில் மாத்திரமே இருந்தது.

மீண்டும் பொருத்துதல்

ஒன்றைப் புதிதாக ஆக்குவதற்கும் கழற்றியதை மீண்டும் பொருத்துவதற்கும் இடையே ஒழுக்க நிலையில் வேறுபாடு உண்டு. கழற்றுவதற்கு முன்னர் அக்குழாய் ஏதோவொரு நிலையில் இயங்கிக்கொண்டிருந்தது. அந்நிலையைக் குலைத்தவன் அதனை மீட்டுத் தரவேண்டிய கடனாளியாகின்றான். அமெரிக்க விமானச் சட்டவிதிகளும் இதனையே வேண்டுகின்றன. வேலை செய்யப்பட்ட பகுதி, குறைந்தது அதன் முதல் நிலைக்கோ முறைப்படி மாற்றியமைத்த நிலைக்கோ நிகராக இருத்தல் வேண்டும் என்பது அவற்றின் நியதி. நல்லெண்ணத்தைப் பற்றி அவ்விதி எதுவுங் கூறுவதில்லை.

வேலையின் நுணுக்கங்களை நோக்கின் இக்கடன் எத்துணைக் கடினமானது என்பது புலப்படும். லைக்கோமிங் பொறியில் ஒவ்வோர் உருளையின் வாயிலிலும் குழாயின் விளிம்பை இரு நட்டுகள் பிடித்து நிற்கின்றன. நான்கு உருளைகளுக்கும் எட்டு நட்டுகள். விளிம்புக்கும் உருளைக்கும் இடையே காஸ்கற் ஒன்று வைக்கப்படும். ஒரு தடவை நசுங்கிய காஸ்கற் பார்வைக்குப் பழுதற்றதாகத் தோன்றினும் மறுமுறை அவ்விடைவெளியை நிறைக்காது. ஆதலால் புதியதே இடப்படல் வேண்டும். குழாய்கள் அனைத்தையும் முதலில் தளர்வாகவே பொருத்தி, ஒன்றோடொன்று இயல்பாகப் பொருந்துகின்றனவா எனப் பார்த்த பின்னரே சிறிது சிறிதாக, மாறி மாறி, குறித்த அளவுக்கு இறுக்குதல் முறை. பொருந்த மறுக்கும் குழாயை நெம்பி இழுத்து நட்டினைப் பூட்டவும் முடியும். அவ்வாறு பூட்டினால் வெளித்தோற்றத்தில் எக்குறையும் இராது. ஆனால், அவ்விழுவிசை உலோகத்தினுள் உறைந்து கிடந்து, வெப்பமும் அதிர்வும் சேர்ந்த ஒரு நாளில் வெடிப்பாக வெளிப்படும். மறுபுறம், அச்சங் காரணமாக அளவுக்கு மீறி இறுக்குவதும் பிழையே. சூட்டில் விரியும் குழாய் அசைவதற்கென விடப்பட்ட இணைப்பை அசையாது பிணித்தால் அதுவும் முறிவுக்கே வழிவகுக்கும். இறுக்கம் யாவும் காவல் ஆகாது.

இவற்றுள் மிகவுஞ் சிந்திக்கத்தக்கது பென்சில் பற்றிய விதியாகும். புகைக்குழாயின்மீது சாதாரணக் காரீயப் பென்சிலால் அடையாளமிடலாகாது. பென்சிற் கோட்டிலுள்ள காபன், குழாய் சூடேறும்போது உலோகத்தினுள் ஊறி, அவ்விடத்தை நொறுங்கத்தக்கதாக்கி, வெடிப்புக்கு வித்திடும். நாகப்பூச்சுள்ள கருவிகளையும் இதுபோன்ற காரணத்தாலேயே விலக்குவர். வெடிப்பென ஐயுற்ற இடத்தை மறவாதிருப்பதற்காக அக்கறையோடு ஒருவன் இட்ட வட்டமே புதிய வெடிப்பைத் தோற்றுவிக்கலாம்! அக்கறை மாத்திரம் அறமாகிவிடாது. அறிவோடு கூடிய அக்கறையே இங்கு அறமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

இறுதியாகச் சோதனை. தூசுறிஞ்சும் பொறியொன்றின் வெளிக்காற்றைக் குழாயினுள் செலுத்தி, இணைப்புகளின்மீது சவர்க்கார நீரைத் தடவுவர். கசிவுள்ள இடத்திற் குமிழி எழும். பின்னர் பொறியை நிலத்தில் ஓடவிட்டு, ஆறியபின் மூடியைக் கழற்றி மறுபடியும் பார்ப்பர். கசிந்த இடத்தைச் சாம்பல் நிறமோ கரிநிறமோ கொண்ட கோடு காட்டிக்கொடுக்கும். சவர்க்கார நீர் மலிவானது, கருவியும் எளியது. ஆயினும் இச்சோதனையின் மெய்யியற் பொருள் பெரிது. தன் வேலையைத் தானே நம்பாது அதனிடம் கேள்வி கேட்கும் முறை அது.

கிளிபேட்டின் கப்பல்

ஆங்கிலக் கணிதவியலாளரும் மெய்யியலாளருமான வில்லியம் கிளிபேட், நம்பிக்கையின் ஒழுக்கவியல் பற்றி 1877இல் எழுதிய கட்டுரையில் கப்பற்காரன் ஒருவனைக் காட்டுகின்றார். குடிபெயர்வோரை ஏற்றிச்செல்லவிருந்த அவனது கப்பல் பழையது. அது குறித்து அவன் மனத்தில் ஐயம் எழுந்தது. பழுதுபார்க்கப் பணஞ் செலவாகும். இதற்கு முன்னர் எத்தனையோ பயணங்களில் அது தப்பி வந்தது என்று எண்ணி, ஐயத்தை மெல்ல மெல்ல அடக்கி, ஈற்றில் உளமாரவே நம்பிக் கப்பலை அனுப்பினான். கப்பல் மூழ்கியது. அவனது நம்பிக்கை உண்மையானதே. எனினும் அவன் குற்றவாளி என்கின்றார் கிளிபேட். தன்முன் இருந்த சான்றுகளின்படி அவ்வாறு நம்புவதற்கு அவனுக்கு உரிமை இருக்கவில்லை. கப்பல் மூழ்காது கரைசேர்ந்திருப்பினும் அவனது குற்றம் அணுவளவுங் குறையாது என்பது அவர் வாதத்தின் உச்சம்.

தொழிற்கூடத்தில் இக்கப்பற்காரன் நாள்தோறும் தோன்றுகின்றான். பழைய காஸ்கற்றைக் கையிலெடுத்து ‘இது இன்னும் தாங்கும்’ என்று கூறுபவன் பொய்யன் அல்லன். அவன் அவ்வாறே நம்புகின்றான். ஆனால், அந்நம்பிக்கை காஸ்கற்றிலிருந்து பிறந்ததன்று; பொழுதுபட்டுவிட்டது, புதியது கைவசம் இல்லை, உரிமையாளர் காத்திருக்கின்றார் என்பவற்றிலிருந்து பிறந்தது. எண்ணம் தூயதா என வினவுவதால் இதனைக் கண்டறிய இயலாது. நம்பிக்கை எங்கிருந்து வந்தது என வினவினாலே கண்டறியலாம்.

விளைவைக் கொண்டே செயலை அளக்கவேண்டும் என்பாரும் உளர். ஒரே காஸ்கற்றை ஒரே அசட்டையோடு இருவர் பொருத்துகின்றனர். ஒன்று தாங்கிற்று, மற்றது கசிந்து உயிர் குடித்தது. உலகம் இரண்டாமவனை மட்டுமே பழிக்கின்றது. ஒழுக்கத்தில் தற்செயல் வகிக்கும் இவ்விடத்தைப் பேணாட் வில்லியம்சும் தொமஸ் நேகலும் 1976இல் விரிவாக விவாதித்தனர். பழியின் அளவில் வேறுபாடு இருத்தல் மனித இயல்பு என ஒப்புக்கொள்ளலாம். ஆயினும், அடுத்த குழாயைப் பொருத்தவிருப்பவனுக்கு அவ்வேறுபாடு எவ்வகையிலும் வழிகாட்டாது. முடிவு நேர்ந்த பின்னரே தெரிவதொன்றைச் செயலுக்கு முன் அளவுகோலாகக் கொள்ள இயலாதன்றோ!

கிளிபேட்டுக்கு எதிரான வாதத்தை 1896இல் அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் முன்வைத்தார். முழுச் சான்றுங் கிடைக்கும்வரை காத்திருப்பின் வாழ்வின் முக்கியமான தெரிவுகள் பலவற்றைச் செய்யவே இயலாது என்பது அவர் கருத்து. நட்பு, மணம், சமயம் ஆகியவற்றில் இது பெரிதும் பொருந்தலாம். தொழிற்கூடத்திலும் இதன் சாயலை ஏற்றேயாகவேண்டும். ஒரு நட்டினை எத்தனை முறைதான் சரிபார்ப்பது? முடிவற்ற ஐயம் வேலையைக் கொல்லும். களைத்த கை புதிய பிழையையும் உண்டாக்கும். எனினும், ஜேம்ஸ் கூறும் தெரிவுகள் தள்ளிப்போட இயலாதன. நிலத்தில் நிற்கும் விமானமோ நாளைக்கும் நிலத்தில் நிற்கலாம். வானில் ஐயுறுவதற்குத் தருணம் இல்லை. தரையில் அது எப்பொழுதும் உண்டு. சோதனைக்கு எல்லை வகுப்பது அறிவு. அவ்வெல்லையைத் தன் அவசரத்தைக் கொண்டு வகுப்பதே குற்றம்.

கையொப்பம் யாருடையது?

வேலை முடிந்தபின் திருத்துநர் பதிவேட்டில் எழுதுகின்றார்: செய்த வேலையின் விபரம், முடிந்த திகதி, கையொப்பம், உரிமப்பத்திர இலக்கம். அமெரிக்க விதிகளின்படி அக்கையொப்பம் செய்யப்பட்ட அவ்வேலைக்கு மாத்திரமே பொறுப்பேற்கின்றது, விமானம் முழுவதற்குமன்று. இவ்வெல்லை பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கான உபாயம் போலத் தோன்றலாம். உண்மையில் அது நேர்மையின் நிபந்தனையாகும். ஒருவன் தான் பார்த்தவற்றுக்கு மாத்திரமே சான்று பகர முடியும். எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்பவன் எதற்கும் பொறுப்பற்றவனாகவே முடிவான்.

உரிமப்பத்திரமற்ற ஒருவர், பெரும்பாலும் விமானத்தின் சொந்தக்காரரே, திருத்துநரின் மேற்பார்வையில் இவ்வேலையைச் செய்யவும் அவ்விதிகள் இடமளிக்கின்றன. வேலை ஒழுங்காக நடைபெறுவதை உறுதிசெய்வதற்கு வேண்டிய அளவில் திருத்துநர் நேரிற் பார்த்திருத்தலும், கேட்டறிவதற்கு அருகில் இருத்தலும் வேண்டும் என்பதே நிபந்தனை. இங்கு செய்த கை ஒன்று. ஒப்பமிட்ட கை வேறொன்று. ‘நீங்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும்’ என்று கூறிக் கையொப்பமிடுதல் நட்பின் அடையாளமாகத் தோன்றும். மூடியைத் திறந்து, விளக்கைப் பிடித்து, எட்டு நட்டுகளையும் தொட்டுப் பார்த்தல் அவநம்பிக்கையாகத் தோன்றும். ஆனால், அவ்விருவரும் அறியாத மூன்றாம் ஒருவர் அவ்விமானத்திற் பயணஞ் செய்யக்கூடும். அவரை முன்னிறுத்தி நோக்கினால் உண்மை தலைகீழாகும். சரிபார்க்காத நட்பு அவரைக் கைவிடுகின்றது. சரிபார்க்கும் கண்ணோ செய்தவரையும் காக்கின்றது, ஏறுபவரையும் காக்கின்றது. வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்திருத்தல் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆராய்தலும் நம்புதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆராய்ந்தபின் வருவதே தெளிவு.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தொழிலாளியின் மனச்சான்றைப் பற்றிப் பேசுவது எளிது. அம்மனச்சான்று இயங்குவதற்கான நேரத்தையும் கருவியையும் கூலியையும் வழங்குவது அத்துணை எளிதன்று. புதிய காஸ்கற் வருவதற்கு இரு நாட்களாகும் என்றால் அவ்விரு நாட்களின் நட்டத்தை ஏற்க மறுக்கும் உரிமையாளரும், மலிந்த விலைக்கே வேலையை ஒப்படைப்பவரும் கிளிபேட்டின் கப்பற்காரனின் உறவினரே. சிறு விமானங்களில் காபனோரொட்சைட்டைக் காட்டும் கருவியைக் கட்டாயமாக்குமாறு அமெரிக்கப் பாதுகாப்புச் சபை 2004இலும் 2022இலும் பரிந்துரைத்தது. முதற் பரிந்துரையின் பின்னர் விதிவகுக்கும் அதிகாரம் கொண்ட நிறுவனம் அதனைக் கட்டாயமாக்காது, விரும்பியோர் பொருத்திக்கொள்ளலாம் என்ற நிலையிலேயே நின்றது. மனிதக் கை தவறக்கூடும் என்பது தெரிந்திருந்தும், அத்தவறைக் காட்டும் சிறு கருவியைத் தெரிவுக்கு விடுவது எவ்வகை நம்பிக்கை? தனிமனிதனின் ஒழுக்கத்தை வலியுறுத்துவோர் அமைப்பின் ஒழுக்கத்தை மறப்பராயின், அவர்களது அறவுரை மிக வலிமை குன்றியவன்மீதே முழுப் பாரத்தையும் சுமத்துவதாகும்.

எனினும், அமைப்பு எத்துணைச் செம்மையுற்றாலும், மூடி மூடப்படும் அக்கணத்தில் குழாயின் முன் நிற்பவன் தனிமனிதனே. பிளேட்டோவின் குடியரசு நூலில் வரும் கைகெசு என்பவன், தன்னைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் மோதிரத்தை அணிந்து குற்றம் புரிந்தான். திருத்துநரிடமும் அத்தகைய மோதிரம் ஒன்றுண்டு. அது அவரை மறைப்பதில்லை. அவரது பெயர் பதிவேட்டில் தெளிவாகவே இருக்கின்றது. அவரது செயலைத்தான் அது மறைக்கின்றது. பொறியின்மீது மூடப்படும் தகட்டு மூடியே அம்மோதிரம்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். நல்லெண்ணம் அவ்வுரிமையைத் தராது. பென்சிற் கோடு அதற்குச் சான்று. விதியை நிறைவேற்றியமை மாத்திரமும் தராது; பாராது இட்ட ஒப்பமும் விதியின் தோற்றத்தையே கொண்டிருக்கும். தீங்கு நிகழாமையும் தராது. தற்செயலாற் கரைசேர்ந்த கப்பலும் உண்டு. தன் வேலை தவறாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தை அடக்காது, அதற்குச் சவர்க்கார நீரையும் விளக்கையும் இன்னொருவர் கண்ணையும் கொடுத்து, அது வாய்திறந்து பேசுவதற்கு இடமளித்தவனுக்கே ‘சரியாக முடிந்தது’ என்று கூறும் உரிமை உண்டு. குளிர்காலக் காலையொன்றில் அறிமுகமற்ற ஒருவர் அவ்விமானத்தில் ஏறி அமர்ந்து, வெப்பக்காற்றுக்கான பிடியை இழுக்கின்றார். அப்பொழுது அவர் சுவாசிப்பது அவ்வுரிமையையே ஆகும்.